பதின்மூன்று ஊர்களும் ஒரு மலையும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கையால் கொழுந்து பறித்த காலத்தில், சண்டை மூளும் இடம் நிறுவைக் கொட்டகைதான். கூடையை இறக்கித் தராசில் மாட்டுவார்கள். ஈரத்துக்கும் கூடைக்கும் கழிவு போட்டு, கிராணி சிட்டையில் எழுதுவார். காலைப் பனியில் பறித்த கொழுந்து கனக்கும். தராசு முள் அப்படியும் இப்படியும் ஆடும். எழுதிய எடையைப் பற்றி முணுமுணுக்காமல் வீடு திரும்பியவர் குறைவு. ஆனால் பள்ளத்தில் பறித்தவளுக்கும் செங்குத்துச் சரிவில் பறித்தவளுக்கும் எடையில் வருகிற வித்தியாசத்தைத் தராசின் மேல் போட முடியாது. கவாத்து வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, செடிக்கு என்ன வயது என்று அதற்குக் காரணங்கள் வேறு. ஐந்து மலைகளின் எடையைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஒரு சராசரி வரும். அந்தச் சராசரி விளைகிற மலை தோட்டத்தில் எங்கும் இருக்காது.

தராசின் ஆட்டம் ஒன்று, மலையின் ஆட்டம் இன்னொன்று. புள்ளியியலில் 'ரேண்டம் எஃபெக்ட்ஸ்', அதாவது தற்செயல் விளைவு முறை என்று சொல்வதன் சாரம் இந்த இரண்டையும் பிரித்து எழுதுவதுதான். பல ஊர்களில் நடந்த ஒரே மாதிரி ஆய்வுகளைச் சேர்த்து ஒரு விடை காண்பது தொகுப்பாய்வு. மருத்துவ மாணவர்கள் வாயில் அது மெட்டா அனாலிசிஸ். 1976இல் அந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் கிளாஸ். ஓர் ஆய்வில் ஆள் குறைவாக இருப்பதால் விடை தடுமாறினால் அது தராசு ஆட்டம். ஊருக்கு ஊர் மருந்தின் பலனே மாறினால் அது மலை ஆட்டம். இரண்டாவது ஆட்டமே கிடையாது என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு நிலை விளைவு முறை. உண்டு என்று ஒப்புக்கொண்டு அதையும் அளக்கிற கணக்கு தற்செயல் விளைவு முறை.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி வெளியே அலைய வேண்டாம். நம் தோளிலேயே இருக்கிறது. மலேசியாவில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961இல் தொடங்கியது. பிறந்த குழந்தைக்குப் போடும் பிசிஜி ஊசியின் தழும்பு அதற்குப் பின் பிறந்த பெரும்பாலோர் கையில் உண்டு. லயத்து வீடுகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தவர்களுக்குக் காசம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட நோய் இல்லை. அந்த ஊசி காசநோயிலிருந்து எவ்வளவு காக்கிறது என்ற கேள்விக்கு உலகம் தேடிய விடைதான், தொகுப்பாய்வு கற்பிக்கும் நூல்களிலும் மென்பொருள் பாடங்களிலும் திரும்பத் திரும்ப வரும் பயிற்சிக் கணக்கு. 1948க்கும் 1980க்கும் இடையில் வெளியான பதின்மூன்று ஆய்வுகள் அதில் உள்ளன. பதின்மூன்றில் மிகப் பெரியது நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தது.

தமிழ்நாட்டில் பிசிஜிக்கு ஒரு பழைய வழக்கும் உண்டு. 1955இல் ராஜாஜி அதை ஏன் எதிர்க்கிறேன் என்று தனிப் பிரசுரமே எழுதினார். அவர் வாதங்கள் பலவும் இன்று நிற்காது. ஆனால் 'இந்த ஊரில் இது பலிக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்' என்ற கேள்விக்கு அப்போது நல்ல பதில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய ஆய்வு அந்தப் பதிலைத் தேடிப் போனது. பயிற்சிக் கணக்கில் உள்ளபடி, ஊசி போட்டவர் 88,391 பேர், போடாதவர் அதே 88,391 பேர். காசநோய் வந்தவர்கள் முதல் பக்கத்தில் 505, மறுபக்கத்தில் 499. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.01. ஊசியால் பலன் இல்லை.

பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசி போட்ட 13,598 பேரில் 62 பேருக்கு நோய். போடாத 12,867 பேரில் 248 பேருக்கு. விகிதம் 0.24, அதாவது நோய் முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. இரண்டு ஆய்வுகளும் பெரியவை, கவனமாக நடந்தவை. இரண்டையும் சேர்த்து ஒரே எண் சொல்லச் சொன்னால் என்ன சொல்வது?

நிலை விளைவு முறையில் பதின்மூன்றையும் சேர்த்தால் 0.65 வருகிறது. தற்செயல் விளைவு முறையில் 0.49. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று எடைகளைப் பார்த்தால் தெரியும். முதல் முறையில் செங்கல்பட்டு ஒன்றுக்கே மொத்த எடையில் 41 சதவீதம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில் இரு பக்கமும் சேர்த்து நோய் வந்தவர்கள் எட்டே பேர். அதற்கு 0.3 சதவீதம். இரண்டாவது முறையில் செங்கல்பட்டின் எடை 10 சதவீதமாக இறங்குகிறது. எட்டுப் பேர் ஆய்வு 3.8 சதவீதத்துக்கு ஏறுகிறது. லட்சத்து எழுபத்தாறாயிரம் பேரைப் பார்த்த ஆய்வும் ஐயாயிரத்துக்கும் குறைவானவர்களைப் பார்த்த ஆய்வும் இப்படி நெருங்கிவருவது முதலில் பார்க்கிறவருக்கு அநியாயமாகத் தோன்றும். மலைக் கணக்கில் அது நியாயம்தான். ஒரே மலையில் ஆயிரம் தடவை நிறுத்தாலும் தெரியப்போவது அந்த ஒரு மலை. மற்ற மலைகளைப் பற்றி அறிய மற்ற மலைகளுக்குத்தான் போக வேண்டும்.

சிக்கல் புதிதில்லை. 1904இல் கார்ல் பியர்சன், தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் போட்ட டைபாய்டு தடுப்பூசிக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். இன்று தொகுப்பாய்வின் முதல் மாதிரிகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது அதுதான். சராசரியைக் கண்டபின் அவர் அதோடு திருப்திப்படவில்லை. எண்கள் இடத்துக்கு இடம் தாறுமாறாக இருப்பதைக் குறித்து, வழக்கமான நடைமுறையாக்கும் முன் முறையான சோதனை வேண்டும் என்றார். பிறகு இந்த வேலை வயலுக்குப் போயிற்று. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் இருந்த யேட்ஸும் வில்லியம் காக்ரனும் 1938இல் எழுதிய கட்டுரை, ஒரே பயிர்ச் சோதனையைப் பல நிலங்களில், பல பருவங்களில் நடத்தினால் எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றியது. காக்ரன் 1954இல் அதை மேலும் செம்மைப்படுத்தினார். தொகுப்பாய்வில் இன்றும் கியூ என்று போடுகிற சோதனை அவர் பெயரில்தான் வழங்குகிறது. காக்ரேன் என்ற நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஆர்ச்சி காக்ரேன் வேறொருவர், மருத்துவர். ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இருவரையும் குழப்பாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மருத்துவ உலகத்துக்கு இந்த முறையைக் கையில் கொடுத்தது 1986இல் ரெபேக்கா டெர்சிமோனியனும் நேன் லேர்டும் எழுதிய கட்டுரை. அவர்கள் வழி எளியது. ஆய்வுகள் தராசு ஆட்டத்தால் மட்டும் சிதறினால் கியூ என்னும் எண் சுமாராக இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். பதின்மூன்று ஆய்வுகளுக்கு அது 12. பிசிஜி கணக்கில் உண்மையில் வந்தது 152. இந்த மிச்சச் சிதறலை மலை ஆட்டமாக மாற்றி, டௌ-ஸ்கொயர் என்ற பெயரில் ஒவ்வோர் ஆய்வின் தராசு ஆட்டத்தோடும் கூட்டிவிடுகிறார்கள். சாதாரணக் கால்குலேட்டரே போதும் என்பதால் அது உலகமெங்கும் பரவியது. பல ஆண்டுகளுக்கு மென்பொருள்கள் கேட்காமலே போட்டுத் தந்ததும் இதைத்தான்.

எளிமைக்கு ஒரு விலை இருந்தது. மலை ஆட்டத்தை ஒரு தடவை மதிப்பிட்டுவிட்டு, அந்த மதிப்பு கல்லில் வெட்டினது போல அந்த முறை நடந்துகொள்ளும். பதின்மூன்று ஆய்வு இருந்தால் அது பெரிய குற்றமில்லை. ஆனால் காக்ரேன் தரவுத்தளத்தில் உள்ள இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் தொகுப்பாய்வுகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு, ஒரு தொகுப்பில் உள்ள ஆய்வுகளின் நடுமதிப்பு மூன்று என்றது. மூன்று மலைகளை மட்டும் பார்த்துவிட்டு மலைகள் எவ்வளவு மாறுபடும் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்த நிலையில் டெர்சிமோனியன்–லேர்ட் முறை தரும் நம்பிக்கை இடைவெளி தேவைக்குமேல் ஒடுங்கிப்போகிறது. 95 சதவீதம் என்று எழுதியிருப்பது உண்மையில் 95 இல்லை.

இதற்கு வந்த மருந்துகள் பல. மலை ஆட்டத்தை மதிப்பிட மட்டும் பதினாறு வழிகளை ஒரு மீளாய்வு 2016இல் வரிசைப்படுத்தியது. அவற்றில் இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுபவை, கட்டுப்படுத்திய அதிகபட்ச சாத்தியக்கூறு என்று சொல்லத்தக்க ரெமல் முறையும், அளவை ஆய்வகங்களிலிருந்து வந்த பௌல்–மண்டேல் முறையும். ஆனால் எந்த மதிப்பீட்டு முறை என்பதைவிட, அந்த மதிப்பீடு நிச்சயமில்லாதது என்பதைக் கணக்கில் சேர்த்தோமா என்பது பெரிய கேள்வி. ஹார்ட்டுங்கும் நாப்பும், தனியாக சிடிக்கும் ஜான்க்மனும், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொண்டுவந்த திருத்தம் அதைச் செய்கிறது. வழக்கமான 1.96க்குப் பதிலாக ஆய்வுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற பெருக்கியைப் போடும். மூன்று ஆய்வு என்றால் அது 4.30. பிசிஜி கணக்கில் ஆய்வுகள் போதிய அளவு இருப்பதால் 0.34 முதல் 0.70 வரை என்றிருந்த இடைவெளி 0.33 முதல் 0.73 வரை என்று சற்றே விரிவதோடு சரி. இரண்டு, மூன்று ஆய்வுகள் உள்ள இடத்தில் அதே திருத்தம் இடைவெளியை ஒன்றுக்கும் உதவாத அகலத்துக்குக் கொண்டுபோய்விடும் என்று சிலர் குறைப்படுகிறார்கள். இரண்டு ஆய்வுகளை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்பதை ஒரு கணக்கு ஒப்புக்கொண்டால் அதைக் குறையென்று நான் கருதவில்லை. பேய்ஸ் வழியினர் வேறு பாதையில் போகிறார்கள். 2012இல் ஒரு குழு 14,886 பழைய தொகுப்பாய்வுகளைப் பார்த்து, எந்த வகைக் கேள்வியில் மலை ஆட்டம் வழக்கமாக எவ்வளவு இருக்கிறது என்று எழுதிவைத்தது. ஆய்வு குறைந்த இடத்தில் அந்த முன்னனுபவத்தைக் கடன் வாங்கலாம்.

ஐ-ஸ்கொயர் என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 2002இல் ஹிக்கின்ஸும் தாம்ப்சனும் தந்த அளவு இது. எல்லா ஆய்வேட்டிலும் இருக்கும், எல்லா ஆய்வேட்டிலும் தவறாகப் படிக்கப்படும். பிசிஜி கணக்கில் அது 92 சதவீதம். 'வேறுபாடு மிக அதிகம்' என்று உடனே எழுதிவிடுகிறார்கள். அது சொல்வது, மொத்தச் சிதறலில் மலை ஆட்டத்தின் பங்கு 92 சதவீதம் என்பதை மட்டும். தராசு மிகத் துல்லியமாக இருந்தால், மலைகளுக்கிடையே சின்ன வித்தியாசம் இருந்தாலும் பங்கு பெரிதாகத் தெரியும். தராசு மோசமென்றால் பெரிய வித்தியாசமும் மறைந்துபோகும். வேறுபாடு எவ்வளவு என்று அறிய டௌவைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் மோசமான பழக்கம் ஒன்று உண்டு. ஐ-ஸ்கொயர் 50க்குக் கீழே இருந்தால் நிலை விளைவு, மேலே போனால் தற்செயல் விளைவு என்று ஆய்வு முடிந்தபின் முறையைத் தேர்வது. இது நிறுத்துப் பார்த்துவிட்டுத் தராசைத் தேர்வது மாதிரி. ஊருக்கு ஊர் பலன் மாறக்கூடுமா என்பது கணக்குப் போடும் முன்பே யோசித்துச் சொல்ல வேண்டியது.

தற்செயல் விளைவு முறையே எல்லாக் கதவுக்கும் திறவுகோல் என்று நினைப்பவர்கள் மெக்னீசியம் கதையைப் படிக்க வேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கு நரம்பில் மெக்னீசியம் ஏற்றினால் சாவு குறையும் என்று பல சிறு ஆய்வுகளும் 1991இல் அவற்றைச் சேர்த்த தொகுப்பாய்வும் சொன்னன. 1995இல் ஐசிஸ்-4 என்ற பேராய்வு 58,050 பேரிடம் பார்த்தது. பலன் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து நிலை விளைவில் போட்டால் பேராய்வே விடையைத் தீர்மானிக்கிறது. தற்செயல் விளைவில் போட்டால் சிறியவை கைகோத்துக்கொண்டு 'பலன் உண்டு' என்கின்றன. சிறு ஆய்வுகளில் நல்ல முடிவு வந்தவையே அச்சேறுகின்றன என்ற பழைய நோயை இந்த முறை குணப்படுத்தாது, அதற்குத் தீனி போடும். ஊர் வேறுபாட்டால் வந்த சிதறலையும் இருட்டடிப்பால் வந்த சிதறலையும் டௌவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இனி கேமரன் மலைக்கு வருவோம். 0.49 என்ற எண்ணையும் 0.34 முதல் 0.70 வரை என்ற இடைவெளியையும் 1994இல் கோல்டிட்ஸ் குழு வெளியிட்டது. அங்கே தானா ராத்தா ஊரில் இருக்கும் ஒரு மருத்துவர் அதைப் படித்தால், இங்கே ஊசி குறைந்தது 30 சதவீதமாவது காக்கும் என்றுதான் நினைப்பார். அந்த இடைவெளி அப்படிச் சொல்லவில்லை. ஊர்களின் சராசரி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. அடுத்துப் போகிற புதிய ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு முன்கணிப்பு இடைவெளி என்று வேறொன்று உண்டு. சராசரியின் நிச்சயமின்மையோடு மலை ஆட்டத்தையும் கூட்டிப் போடுவது. பிசிஜிக்கு அது 0.15 முதல் 1.55 வரை. இன்னும் கவனமாகப் போட்டால் 0.13 முதல் 1.78 வரை. புதிய ஊரில் ஊசி பிரமாதமாகக் காக்கலாம், ஒன்றுமே செய்யாமலும் போகலாம். மருத்துவருக்குத் தேவை இந்த எண். 2009இல் ஹிக்கின்ஸும் கூட்டாளிகளும் இதை அழுத்திச் சொன்னபின்னும் பெரும்பாலான ஆய்வேடுகள் அச்சிட்டது சராசரியின் இடைவெளியைத்தான். இந்தத் துறையின் ஆகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இதுதான். கணக்கு இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, ஒரு வரி கூடுதலாக எழுதத்தான் மனம் வரவில்லை.

சிதறலை அளந்தது போதாது, காரணம் வேண்டும் என்று அடுத்து கேட்டார்கள். பதின்மூன்று ஊர்களையும் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரிசைப்படுத்தினால், தூரம் கூடக் கூட ஊசி நன்றாக வேலை செய்கிறது. கனடாவின் சஸ்காச்சுவான் 55 பாகை, விகிதம் 0.20. பிரிட்டன் 52. போர்ட்டோ ரிக்கோ 18, விகிதம் 0.71. மதனப்பள்ளியும் செங்கல்பட்டும் 13. அட்சரேகையைச் சேர்த்தவுடன் டௌ-ஸ்கொயர் 0.31லிருந்து 0.08க்கு இறங்கிவிடுகிறது. சிதறலில் முக்கால் பங்குக்கு விளக்கம் கிடைத்துவிட்டது போலத் தோன்றும்.

கேமரன் மலை நாலரைப் பாகையில் இருக்கிறது. அட்சரேகையையும் விகிதத்தையும் இணைக்கும் கோட்டை அதுவரை நீட்டிப் போட்டால் விகிதம் 1.13 வருகிறது. ஊசி போட்டால் நோய் கூடும் என்று அர்த்தமா? இல்லை. முதலாவது, பதின்மூன்று ஆய்வுகளில் ஒன்றுகூட 13 பாகைக்குக் கீழே நடந்ததில்லை. கோடு அங்கே முடிந்துவிட்டது, அதற்கப்பால் நாம் நீட்டுவது கற்பனை. அந்த 1.13ஐச் சுற்றியுள்ள இடைவெளியும் 1ஐத் தாண்டி இரு பக்கமும் போகிறது. இரண்டாவது, அட்சரேகை யாரையும் காப்பதுமில்லை கெடுப்பதுமில்லை. வெப்பமான நாடுகளில் மண்ணிலும் நீரிலும் வாழும் காசக்கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் சிறு வயதிலேயே உடலைப் பழக்கிவிடுவதால் ஊசிக்கு வேலை இல்லாமல் போகிறது என்பது ஒரு பழைய கருத்து. அப்படியென்றால் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் குளிரில் இருக்கும் தானா ராத்தாவை, அதே பாகையில் கடலோரம் வெந்துகொண்டிருக்கும் ஊரோடு எப்படிச் சேர்ப்பது? 2014இல் வந்த ஒரு மீளாய்வு, குழந்தைப் பருவத்தில் போட்டதும் முன்தொற்று இல்லாதவர்களைச் சோதித்துப் பார்த்துப் போட்டதுமான ஆய்வுகளில் பலன் கூடுதல் என்று கண்டது. செங்கல்பட்டின் பதினைந்து ஆண்டுத் தொடர்கணக்கிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, சிறுவர்களுக்கு 27 சதவீதம் என்று வந்தது. ஆனால் அதன் இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழேயும் போகிறது. அட்சரேகை வேறு ஏதோ ஒன்றுக்குப் பினாமி.

வேறுபாட்டைச் சத்தமென்று ஒதுக்காமல் செய்தியாகப் படித்த நிகழ்ச்சி ஒன்று மலாயாவிலேயே நடந்திருக்கிறது. நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன் இங்கே பெரிபெரி நோய் சீனத் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்தது. தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. எல்லாரையும் சேர்த்துச் சராசரி போட்டிருந்தால் ஒரு நோய்விகிதம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் வித்தியாசத்தையே உற்றுப் பார்த்தார். தமிழன் தின்றது புழுங்கலரிசி, சீனர் தின்றது பச்சரிசி. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என எண்ணிப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் புழுங்கலும் மறுபக்கத்துக்குப் பச்சரிசியும் போட்டார். 1907இல் முடிவு வெளியானது. பச்சரிசிப் பக்கம் பெரிபெரியால் 18 பேர் செத்திருந்தார்கள், புழுங்கல் பக்கம் ஒருவரும் சாகவில்லை.

பிசிஜிக்குத் திரும்பினால், 1993இல் ரோட்ரிகஸ் குழுவினர் செய்த காரியம் எனக்கு கோல்டிட்ஸ் குழுவின் 0.49ஐவிடப் பிடித்தது. நுரையீரல் காசத்தைப் பற்றிய முடிவுகள் ஊருக்கு ஊர் இவ்வளவு மாறும்போது சேர்த்து ஒரு எண் சொல்ல மாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட அதே ஆய்வுக் குவியல், ஒரு வருட இடைவெளி, ஒரு குழு சராசரி சொன்னது, மற்றது சொல்ல மறுத்தது. மறுத்ததும் ஒரு முடிவுதான். ஆனால் குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலிலும் உடலெங்கும் பரவும் காசத்திலும் ஆய்வுகள் ஒத்துப்போயின. அங்கே அவர்கள் தயங்காமல் சேர்த்தார்கள். பாதுகாப்பு 86 சதவீதம்.

கேமரன் மலையில் பிறக்கும் பிள்ளைக்கு இன்றைக்கும் பிசிஜி போடுகிறார்கள். அதற்கு ஆதாரமாக நிற்பது அந்த 86.